கரையில் சொன்னது

மார்ச் 4

பொடிசுக்கு,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் இரண்டு வருடக் கோபம் வீணாகிவிடும். வேலையாக எழுதுகிறேன்.

போன் செய்தால் போதுமே என்று பேத்தி சொன்னாள். உன் குரலைக் கேட்டால் என் வாய் எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது. கடிதம் என்றால் கிழித்துவிட்டு மறுபடி எழுதலாம். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணிக்கொண்டுதான் போகும். எட்டு வரை படித்தவள் நீ, கூட்டி வாசித்துக்கொள். நீ எட்டு படிக்க நான் மூன்றில் நின்றேன் என்பதையும் நான் மறக்கவில்லை.

விஷயம் இதுதான். நீ வேலை செய்கிற மாவுத் தொழிற்சாலையிலிருந்து நம் பெண்கள் குழுவுக்கு வக்கீல் கடிதம் வந்திருக்கிறது. ஊமைக்கிழங்கை விஷம் போக்கி மாவாக்கும் வழியை அவர்கள்தான் கண்டுபிடித்தார்களாம். காப்புரிமை கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்களாம். அது கிடைத்தால் நாம் அந்த மாவை விற்கக் கூடாதாம். அதே கடிதத்தின் நகல் கடைக்காரர்களுக்கும் போயிருக்கிறது. நம்மிடம் வாங்குகிற மூன்று கடையும் பயந்துபோய் நிறுத்திவிட்டன. பச்சையாக ஒரு துண்டு வாயில் வைத்தால் நாக்கு மரத்துப் பேச்சு நின்றுவிடும் என்று பார்த்து நம் சனம் அந்தக் கிழங்குக்குப் பெயர் வைத்தபோது, இவர்கள் எங்கே போயிருந்தார்கள்?

நமக்காக வழக்குப் பேச ஒரு வக்கீல் பெண் வந்திருக்கிறாள். மூன்று வேளையும் பட்டினி கிடந்தவள் மாதிரி ஒல்லி, ஆனால் பேச்சு கெட்டி. தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்று உள்ளே இருக்கிறவர் யாராவது சொன்னால் நல்லது என்றாள். கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதனால் எழுதுகிறேன். கிழங்கு மாவாகும்வரை அங்கே என்னென்ன செய்கிறார்கள் என்று வரிசையாக எழுது. இலை ஏதாவது சேர்க்கிறார்களா என்பதையும் எழுது.

நம் வேலையை அவர்களுக்கு யார் சொன்னது என்பதை நான் இப்போது கிளறவில்லை. அது ஊருக்கே தெரியும்.

அக்கா

மார்ச் 13

அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் உன் கோபம் மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது. சந்தோஷம்.

கேட்டதற்குப் பதில். நான் இருப்பது கழுவும் பகுதியில். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முன்னால் ஒரு பெரிய தொட்டி. லாரியில் வரும் கிழங்கைப் பன்னிரண்டு பெண்கள் மண் போகத் தேய்க்கிறோம். தோல் சீவவும் மெலிசாக நறுக்கவும் இயந்திரம் இருக்கிறது. அதன் பிறகு சாம்பல் தண்ணீர்த் தொட்டி. அப்புறம், ஆமாம், இலை. ஓடைக்கரையில் முளைக்குமே, சிவப்புத் தண்டு, அதுதான். மூட்டை மூட்டையாக வருகிறது. அரைத்துச் சாறெடுத்து, சீவலை ஒரு பகல் முழுக்க அதில் ஊறவைக்கிறார்கள். பிறகு மூன்று நாள் குழாய்த் தண்ணீர் அதன்மேல் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் தடவை பார்த்தபோது மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “சார், இந்த இலை எதுக்கு? எங்க பக்கம் ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடும்.”

“இதுதாம்மா விஷத்தை எடுக்குது. பெரிய படிப்புப் படிச்சவங்க எழுதினது. நீங்க தொட்டியைப் பாருங்க.”

தொட்டியைப் பார்த்தேன்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். இந்த வேலையைச் சொன்னவள் நான் என்றால், இல்லாத இலையை ஏன் சொல்லப்போகிறேன்? பத்து வயதிலிருந்து உன் பக்கத்தில் ஆற்றில் நின்று, சீவல் கூடையை ஓடும் தண்ணீரில் கட்டியவள் நான். இன்னொன்று. இவர்களுடைய மாவுப் பாக்கெட் முதல்முதலாக ஊருக்கு வந்தபோது நான் இங்கே சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு மாதத்துக்குள் கட்டடம் கட்டி, தொட்டி கட்டி, மாவு அரைத்து, பாக்கெட்டும் போட்டுவிட முடியுமா? கிழங்குப் பருவத்துக்கு லீவு போட்டு ஊர் வந்திருந்த என்னை நோக்கி, நீ கூடத்தின் நடுவில் நின்று கையை நீட்டினாய். உன் ஞாபகசக்தி மேல் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை, ஒருத்திகூடத் தேதியைக் கேட்கவில்லை. அன்றைக்கே ஆற்றில் என் இடத்தை எடுத்தீர்கள்.

ஆற்றில் இடம் இல்லாதவள் கிழங்கில் கை வைக்கக் கூடாது. நான் வைக்கவில்லை. சம்பளத்துக்காகக் கழுவுவதைத் தவிர. வேலை செய்கிறவர்களுக்கு மாதம் ஒரு பாக்கெட் மாவு சும்மா தருகிறார்கள். நம் கிழங்கை நான் இப்போது பாக்கெட்டைக் கத்தரித்துத்தான் எடுக்கிறேன். அம்மா செய்கிற மாதிரியே ரொட்டி தட்டிப் பார்த்தேன். புல் வாசனை. மருமகள் நல்லாயிருக்கு என்றாள். அவளுக்கு வேறு தெரியாது, பாவம்.

இலை சேர்க்கிறார்களா என்று நீயாகவே கேட்டிருக்கிறாய். வக்கீல் கடிதத்தில் இலையைப் பற்றி எழுதியிருந்ததா?

தங்கை

மார்ச் 25

பொடிசுக்கு,

உன் கடிதத்தைக் கூடத்தில் வாசித்துக் காட்டினேன். பாதியோடு நிறுத்திக்கொண்டேன், மீதி குடும்ப விஷயம்.

இலை என்றதும் ஒரே சிரிப்பு. குழுத் தலைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “ஆட்டுக்கு ஆகாதது கம்பெனிக்கு ஆகுது பாரேன். எந்த மகராசி இதைச் சொல்லிக் குடுத்தாளோ, அவ வாய்க்குச் சக்கரை போடணும்.”

நானும் சிரித்தேன். வக்கீல் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்கம்மா. அந்த இலைதான் அவங்க பிடி. உங்க வழக்கத்துல இலை கிடையாது, அதனால இது புது முறைன்னு காப்புரிமை அதிகாரி ஏற்கெனவே ஒரு தடவை எழுதிட்டாரு. சாம்பல், ஓடுற தண்ணி, எல்லாத்தையும் இலையோட சேத்துக் கட்டி, முழு மூட்டையும் எங்களுதுங்கறாங்க. அந்த இலைச் சமாச்சாரமும் இங்கேருந்துதான் போச்சுன்னு காட்டினா மூட்டை அவுந்துடும்.”

“இங்க யாரும் இலை போட்டதே இல்லியே!” என்றாள் தலைவி.

“அப்ப கஷ்டந்தான்.”

ஏழு குடும்பம் இந்த மாவை நம்பித்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறது. விசாரணை மே ஆறாம் தேதி, உன் நகரத்தில்.

உன் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தாயிற்று. கை வலிக்கிறது. நீ மட்டும் என்னவாம்? அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நாலு நாள் கழித்து வந்து நின்றாய். பஸ் இல்லை என்றாய். பஸ் இருந்தது. நான் விசாரித்தேன்.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

பஸ் இருந்தது. டிக்கெட் எடுக்க என்னிடம் இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லிவிட்டேன், அந்த ஒரு கோபத்தையாவது இறக்கி வை.

நேற்று தொழிற்சாலைக்கு நோட்டுக்காரி வந்திருந்தாள். பதினொரு வருடத்துக்கு முன் உன் வீட்டில் மூன்று வாரம் தங்கி, செடிகொடியெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போனாளே, அவள்தான். இப்போது வெள்ளைக் கோட்டு, பின்னால் நாலு பேர். நான் தலையைக் குனிந்து கழுவிக்கொண்டிருந்தேன். அவளாகத்தான் நின்றாள்.

“நீங்க அந்த வீட்டம்மாவோட தங்கச்சிதானே?”

“ஆமாம்மா.”

“அக்கா எப்படி இருக்காங்க? அந்தக் குழந்தை வளந்திருக்குமே!” பிறகு பின்னால் வந்தவர்களிடம் திரும்பினாள். “இவங்க அக்காதான் எனக்கு இலை முறையைச் சொல்லிக் குடுத்தாங்க. அவங்க இல்லேன்னா இந்தத் தொட்டியே இல்லை.”

சந்தோஷமாகச் சொன்னாள் அக்கா. நன்றியோடு சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னோடு கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். “ஓ, உங்க அக்காவா!” என்று ஒருத்தி என் முதுகில் தட்டினாள்.

நான் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. உன்னையும் ஒன்றும் கேட்கவில்லை. நீயாக எழுது. எழுதாவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

தங்கை

ஏப்ரல் 12

பொடிசு,

நான்தான்.

இந்த ஒரு சொல்லை எழுத ஐந்து நாள் ஆயிற்று. இனி மீதி வந்துவிடும்.

நோட்டுக்காரி என் வீட்டில் தங்கியிருந்த நாளில்தான் அது. மகளுக்கு வலி கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. நோட்டுக்காரி தன் ஜீப்பில் அவளைப் படுக்கவைத்து, சுற்றுப் பாதையில் ஆறு மணி நேரம் ஓட்டினாள். மகள் தலை என் மடியில். பேத்தி பிறந்தாள். இரண்டு உயிராகத் திரும்பினார்கள். நீ அப்போது எங்கே இருந்தாய் என்று எழுத வந்தேன். வேண்டாம், விடு.

வீடு வந்த மூன்றாம் நாள், அடுக்களையில் எனக்கெதிரே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். “கிழங்கை எப்படிம்மா பக்குவம் பண்றீங்க? சொல்லக் கூடாதுன்னா வேண்டாம்.” சொல்லக் கூடாது என்றால் வேண்டாம் என்றும் சொன்னாள், அதையும் எழுதிவிடுகிறேன். பழியை அவள்மேல் போட முடியாது.

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? கிழங்கு வேலையை ஆற்றில் இறங்கி நிற்கிறவளுக்குத்தான் சொல்வோம். சொல்கிறவளும் தண்ணீரில் நிற்க வேண்டும். கரையில் வைத்து ஒரு சொல் பேச மாட்டோம். ஆனால் எதிரே இருப்பவள் என் மகளைக் கொண்டுவந்து கொடுத்தவள். இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் வழக்கம் போகிறது. இடையில் ஒரு பொய்யைக் கலந்துவிட்டால் சொன்னதாகாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே அந்தச் சிவப்புத் தண்டு இலைதான் கண்ணில் பட்டது. அதைச் சொன்னேன். ஒரு பகல் ஊறணும் என்று ஜோடனை வேறு. அவள் வரி வரியாக எழுதிக்கொண்டாள். நன்றிக்கு நன்றியும் ஆயிற்று, வழக்கமும் தப்பித்தது என்று இருந்தேன். எத்தனை பெரிய படிப்பாளியை ஏமாற்றினோம் என்று வருடக்கணக்காக மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வக்கீல் பெண்ணிடம் நேற்று ஒப்புக்கொண்டேன். “பாட்டி, நீங்க உண்மையை மட்டும் சொல்லியிருந்தா, இது பழைய முறைன்னு அன்னைக்கே தள்ளியிருப்பாங்க” என்றாள். என் பொய்தான் அதைப் புதிதாக்கிக் கொடுத்திருக்கிறது.

பாக்கெட் ஊருக்கு வந்த அன்று அந்த மாவில் தட்டிய ஒரு துண்டு ரொட்டியை வாயில் வைத்தேன். புல் வாசனை. அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. கூடத்தில் “யாரு சொன்னது? யாரு சொன்னது?” என்று கத்தல். நீ தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாய். கை நீண்டுவிட்டது. நீட்டிய பிறகு மடக்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை கூடத்தில் எழுந்து சொல்லப்போகிறேன். விசாரணைக்கும் வருகிறேன். நோட்டுக்காரி உன் முன்னால் சொன்னதால் உன் சாட்சியும் வேண்டும் என்கிறாள் வக்கீல் பெண். சொன்னால் உன் வேலை போய்விடும். அதனால் சொல் என்று நான் எழுத மாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

ஐந்தாம் தேதி காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறு. நிலையத்தில் நிற்கிறேன். முட்டிக்குத் தைலம் எடுத்து வா, இங்கே படி அதிகம்.

சாட்சி சொல்கிறேன். உனக்காக இல்லை.

என் வீட்டில் தங்கிக்கொள். பேச்சை எதிர்பார்க்காதே.

தங்கை

ஜூலை 2

பொடிசுக்கு,

இரண்டு நாளும் நீ சோறு போட்டாய், வெந்நீர் வைத்தாய், போர்வையை இழுத்துவிட்டாய். ஒரு சொல் பேசவில்லை. நீ திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்குப் பழகியது அதுதான்.

விசாரணை அறையில் நீ பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாய், உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அதிகாரி, “இலை இல்லாம விஷம் எப்படிம்மா போகும்? நீங்க பொய்யின்னு சொல்றதை நான் எப்படி நம்பறது?” என்று கேட்டாரே, அப்போது என் கால் தேடியது தண்ணீரை. நாலாவது மாடியில், பளபளவென்று துடைத்த தரையில், செருப்புக்கூட நனையாமல் உட்கார்ந்து சொன்னேன். எந்தப் பருவத்தில் தோண்டுவது, எந்த மரத்துச் சாம்பல், கூடையை எத்தனை தடவை திருப்பிக் கட்டுவது, விஷம் போயிற்றா என்று எதை வைத்துப் பார்ப்பது. ஒன்று விடவில்லை. “கொஞ்சம் மெதுவாம்மா” என்றாள் டைப் அடிக்கிற பெண். அவள் கைக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பொய்யைப் பொய் என்று காட்ட வேறு வழி இல்லை.

நீ தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நோட்டுக்காரி என்னிடம் வந்தாள். உள்ளே அவள் எதையும் மறைக்கவில்லை, கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றுதான் சொன்னாள். “உங்களை நம்பித்தானே எழுதினேன்மா” என்றாள். கண் கலங்கியிருந்தது. “நானும் உன்னை நம்பித்தாம்மா ஜீப்புல ஏறினேன்” என்றேன். பேத்தியின் படத்தைக் காட்டலாம் என்று பையைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன்.

காப்புரிமை கிடையாது என்று போன வாரம் உத்தரவு வந்தது. கடைக்காரர்கள் மறுபடி மாவு கேட்கிறார்கள். நான் சொன்னதை வெளியே தெரியாமல் மூடி வைக்கச் சொல்லி வக்கீல் பெண் கேட்டிருந்தாள் இல்லையா, அதை மட்டும் தள்ளிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாமாம்.

என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூடத்தில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு கிழங்கிலிருந்து மழைக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

ஆற்றில் உன் இடம் உனக்கே என்று குழு முடிவு செய்திருக்கிறது. “எடுத்தவளே எழுதட்டும்” என்றாள் தலைவி. எழுதிவிட்டேன். கிழங்குக் கொடி மஞ்சளாகப் பழுக்க ஆரம்பித்துவிட்டது, தோண்டும் நாள் வருகிறது. வா.

அக்கா

ஜூலை 14

அக்காவுக்கு,

சாட்சி சொன்ன மறுநாளே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒரு தையல் கடையில் பொத்தான் தைக்கிறேன். உட்கார்ந்த வேலை. அதுதான் ஆகும் எனக்கு. தொட்டியடியில் நின்று நின்று இரண்டு முழங்காலும் போய்விட்டன. குளிர்ந்த தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் நிலையத்தில் நீ கவனித்திருக்கலாம், உன் பையை மருமகள்தான் தூக்கினாள்.

என் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். தலைவிக்கு என் நன்றியைச் சொல். இரண்டு வருடத்துக்கு முன் கால் நன்றாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் ஆற்றில் நிற்க எனக்கு மிச்சமிருந்தது அந்த இரண்டு பருவம்தான். அதைத்தான் நீ எடுத்தாய். மருமகளைக் கூட்டிவந்து என் பக்கத்தில் நிறுத்திச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசை வைத்திருந்தேன். இப்போது அவளுக்குச் சொல்ல வேண்டும் என்றால் கரையில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

ரயிலடிக்குப் பின்னால் இன்னொரு தொழிற்சாலை கட்டுகிறார்கள். கிழங்கு மாவுதானாம். இலை கிடையாதாம். நம் ஊர் மாவு ருசியிலேயே வரும் என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

ஏப்ரலில் நீ எழுதியதை எடுத்து மறுபடி வாசித்தேன். மகள், ஜீப், வெள்ளம், இலை, எல்லாம் இருக்கிறது. மன்னித்துக்கொள் என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. ஜூலைக் கடிதத்திலும் தேடினேன்.

தங்கை

ஜூலை 27

பொடிசுக்கு,

இல்லைதான். எழுதத் தெரியாமல் விடவில்லை. சின்ன வயதிலிருந்து நான் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுகிறவள் நீ. இதையும் கேட்டவுடன் கொடுத்துவிடுவாயோ என்று பயமாக இருந்தது.

எந்த வருடம் எந்த நாளில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று ஊரே என்னைத்தான் கேட்கும். நீ எனக்குச் செய்ததெல்லாம் வரிசையாகச் சொல்வேன். பத்து நாளாக, நான் உனக்குச் செய்ததை நினைத்துப் பார்க்கிறேன். அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று வருகிறது. வந்தவரை எழுதுகிறேன்.

எட்டாவது முடித்து நீ மேலே படிக்கப் போக இருந்தாய். உனக்குக் கண் சரியில்லை, எழுத்து தெரியவில்லை என்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னது நான். நீ அப்படிச் சொல்லவே இல்லை. பொறாமை, வேறொன்றுமில்லை.

உன் முதல் பிரசவத்துக்கு அம்மா வருவதற்கு மூட்டை கட்டி வைத்திருந்தாள். என் பிள்ளைக்கு ஜுரம் என்று நிறுத்தி வைத்தேன். ஜுரம் இல்லை.

உன் வீட்டுக்காரர் போன அன்று வந்துவிட்டு மாலையிலேயே கிளம்பினேன், கிழங்கு ஊறுகிறது என்றேன். அது கிழங்குப் பருவமே இல்லை. உனக்கும் தெரியும். “சரிக்கா, பாத்துப் போ” என்றாய்.

கூடத்தில் கையை நீட்டினேன். அன்று நீ ஆற்றிலிருந்து உன் கூடையை அவிழ்த்துக்கொண்டு கரையேறினாய். எல்லோரும் பார்த்தார்கள். நான் குனிந்து என் கூடையைத் திருப்பித் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த இரண்டு பருவம். பஸ் நிலையத்தில் உன் நடையைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கேட்காமல் இருந்தேன்.

மன்னித்துக்கொள் பொடிசு. உடனே கொடுத்துவிடாதே.

விட்டுப்போனது இன்னும் நிறைய இருக்கும். எனக்கு ஞாபகம் இல்லை, உனக்கு இருக்கும். ஒன்றொன்றாக எழுது. எத்தனை கடிதம் ஆனாலும் வாசிக்கிறேன்.

அக்கா